தலைப்பில் மதம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தித்தாள் துண்டு வந்தது. திருட்டு வழக்கில் ஒருவர் கைது. அவர் முஸ்லிம் என்பது தலைப்பிலேயே இருந்தது. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு திருட்டுச் செய்திகள். அந்தத் திருடர்களுக்கு வயது இருந்தது, ஊர் இருந்தது, மதம் மட்டும் இல்லை! அனுப்பியவர் அதைக் கவனிக்கவில்லை.

வகுப்பில் உங்களுக்குப் பெயரடை நடத்தியிருக்கிறேன். ஒரு பெயரின் தன்மையைச் சொல்லவே அதற்கு முன்னால் அடை போடுகிறோம். திருடனுக்கு முன்னால் மதத்தைப் போட்டால், திருட்டுக்கு அந்த மதமே காரணம் என்று பொருள் வந்துவிடும். பத்திரிகை பொய் எழுதவே வேண்டாம். ஒரு அடைமொழி போதும்.

2020 ஏப்ரல் மாதம் நினைவிருக்கிறதா? டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களிடம் கொரோனா தொற்று இருந்தது. இது உண்மை. "உண்மையைத்தானே எழுதினார்கள்?" என்று கேட்பீர்கள். கூட்டத்துக்குப் போனவர்கள் பரிசோதனைக்கு வாருங்கள் என்று எழுதினால் அது செய்தி. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன? நாள்தோறும் மொத்தம் இத்தனை பேர், அதில் மாநாட்டுக்குப் போனவர்கள் இத்தனை பேர் என்று தனிக்கணக்கு. 'கொரோனா ஜிஹாத்' என்றுகூட ஒரு சொல்லை உருவாக்கினார்கள். வட மாநிலங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர்களிடம் பெயர் கேட்டு விரட்டினார்கள்.

அடுத்த மாதமே நம் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களுக்குத் தொற்று பரவியது. அந்த வியாபாரிகளும் சுமைதூக்குபவர்களும் என்ன மதம், என்ன சாதி என்று எந்தப் பத்திரிகையாவது கணக்குப் போட்டதா? 'வெங்காய ஜிஹாத்' என்று யாராவது சொன்னார்களா? சந்தை என்று மட்டும் எழுதினார்கள். அதுதான் சரி. அந்த நியாயத்தை நிஜாமுதீனுக்கும் கொடுத்திருக்க வேண்டாமா?

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, ஜமாத்துக்கு வந்த 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும், ஊடகங்களில் பெரிய பிரசாரமே நடந்தது என்றும் தீர்ப்பில் எழுதியது. அதே டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுவித்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை ரத்து செய்தது. ஐந்து வருடம் அந்த எழுபது குடும்பங்கள் வழக்கோடு வாழ்ந்திருக்கின்றன.

இந்தத் தீர்ப்புகளில் எது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தது? எனக்கு ஒன்றுகூட வரவில்லை. குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. விடுதலை உள்பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. என் கோபமெல்லாம் இதில்தான். பழி போடும்போது ஒரு சமூகத்தின் பெயரைச் சொன்னவர்கள், பழி நீங்கும்போதும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் முதலிலேயே சொல்லாதீர்கள்.

"எல்லா மதத்தைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள்" என்று சில உறவினர்கள் சொல்வார்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையை எடுத்துக் குற்றச் செய்திகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். மதம் குறிப்பிட்டவை எத்தனை, குறிப்பிடாதவை எத்தனை என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ரிட்டயர் ஆனாலும் நோட்டுத் திருத்த நான் தயார்!

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், தலைப்பில் அந்த மதத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் சாதியையோ மதத்தையோ போட்டுப் படியுங்கள். சுருக்கென்று தைத்தால் அனுப்பாதீர்கள்.

என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த முஸ்லிம் பிள்ளைகளும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். உங்களோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். நீங்கள் அனுப்பும் செய்தித் துண்டுகள் அவர்கள் போனுக்கும் போகின்றன. அதை மறக்காதீர்கள்.