எல்லையோர நீதிமன்றமும் எம்மவரும்

கலிபோர்னியாவில் 1850 இல் இரண்டு சமஷ்டி நீதி மாவட்டங்கள் அமைக்கப்பட்டன. 1866 இல் அவை ஒன்றாக்கப்பட்டு, 1886 இல் மீண்டும் பிரிக்கப்பட்டன. 1966 இல் மாநிலம் நான்கு மாவட்டங்களாக வகுக்கப்பட்டபோது, தென் மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரம் மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய சான் டியாகோ, இம்பீரியல் பகுதிகளுடன் நின்றது.

எல்லை கடந்து பிடிபட்ட ஈழத்தமிழர் ஒருவர் 2018 இல் ஆட்கொணர்வு மனுவுடன் நாடியது இந்நீதிமன்றத்தையே. தம்மைத் தாக்கியோர் யார், ஏன் தாக்கினர் என்பதை அறியேன் என முதல் நேர்காணலில் அவர் கூறியிருந்தார். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மனுவை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது மாவட்ட நீதிமன்றம். 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2020 இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

குடிவரவு நீதிபதி நீதித் திணைக்களத்தின் ஊழியர். மாவட்ட நீதிபதியோ ஆயுட்காலப் பதவி வகிப்பவர். அரசின் நிறைவேற்றுத்துறையால் நீக்க முடியாதவர். உயிர் தப்பி வந்தவரின் முறையீட்டை இத்தகைய சுயாதீன நீதிபதியும் கேட்பதே நீதியாகும்.

அவ்வாயில் திறக்கும்வரை முதல் நேர்காணலே எம்மவரின் நீதிமன்றம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். அறிந்த உண்மை அனைத்தையும் அன்றே கூறுங்கள்.