கொடைக்கானலில் தண்ணீர், பழனியில் ஜெல்

பழனி அடிவாரத்துக் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய், கொடைக்கானல் போய்ச் சேர்ந்து ஒரு ராத்திரி கழிந்தால் வெள்ளைக் கட்டியாகிவிடும். 64 கிலோமீட்டர் மலைப்பாதை செய்யும் மாயம் அது. மேலே குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். குளிக்கப் போகும் முன் பாட்டிலை அடுப்போரம் வைப்பார்கள், இல்லையென்றால் வெந்நீர் வாளியில் மிதக்கவிடுவார்கள். குளிர்ந்தால் உறையும், சூடுபட்டால் உருகும். எண்ணெய்க்கும் நெய்க்கும் மெழுகுக்கும் இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும் பொருள் ஒன்று இருக்கிறது. குளிரில் தண்ணீர் போல ஓடும், சூட்டில் ஜெல்லாக இறுகும். மார்கழி இரவில் கொடைக்கானலில் வைத்தால் சிரிஞ்சுக்குள் தடையில்லாமல் ஏறும். அதையே பழனிக்கு இறக்கிவந்து சித்திரை வெயிலில் வைத்தால் கெட்டியாகி நிற்கும். மறுபடி மலையேற்றினால் மறுபடி தண்ணீர். முட்டையின் வெள்ளைக்கருவும் சூட்டில் இறுகத்தான் செய்கிறது, ஆனால் அது போனது போனதுதான், திரும்பி வராது. இது திரும்பி வரும்.

ஜப்பானைச் சேர்ந்த யூயிச்சி மோரி உருவாக்கிய ஜெல் இது. ஹைட்ரோஜெல் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை. ஹைட்ரோஜெல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசியும், ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி நிற்கும் வழவழப்பும் அந்த இனம்தான். மெல்லிய வலைக்குள் ஏராளமான தண்ணீர் சிக்கி நிற்கிறது, அவ்வளவே. மோரியின் ஜெல்லில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், குளிரில் தண்ணீரோடு ஒட்டி உறவாடிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. சூடு ஏறியதும் அந்தப் பிடி நழுவுகிறது. சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, வலை பின்னிவிடுகிறது.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? உடம்புக்குள் எப்போதும் 37 டிகிரி. குளிர்ந்த திரவமாக ஊசியில் செலுத்தினால், போய்ச் சேர்ந்த இடத்திலேயே உறைந்து உட்காரும். கிழித்துத் திறக்க வேண்டாம், தைக்க வேண்டாம். காயம் எந்தக் கோணலில் இருந்தாலும் அந்தக் கோணலை நிரப்பும்.

நம் பக்கத்தில் இதை எதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்பது, ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயில் போய் முடிகிறது. சிறுநீர்ப் பாதை சுருக்கம். டாக்டர்கள் ஸ்ட்ரிக்சர் என்பார்கள். ஆண்களின் சிறுநீர்ப் பாதை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். விதைப்பைக்குப் பின்னால், இடுப்பெலும்புக்குக் கீழே அது வளையும் இடம் ரொம்பவும் ஆபத்தானது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகு பறிக்கிறவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியில் மரம் ஏறுவார்கள். கால் வழுக்கி, கிளையின் மேலோ ஏணிக் கணுவின் மேலோ கவட்டையில் அடிபட விழுந்தால், அந்த வளைவு எலும்புக்கும் கட்டைக்கும் நடுவில் நசுங்கும். வலி நாலு நாளில் போய்விடும். உள்ளே தழும்பு மட்டும் மெதுவாக இறுகும். மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ சிறுநீர் நூல் போல வரும். ஒரு ராத்திரி அடியோடு நின்றுபோகும். அந்த நேரத்தில் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

விழுந்து அடிபட்டவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. நாள்கணக்கில் யூரின் டியூப் போட்டிருந்தவர்களுக்கும், தொற்று வந்து போனவர்களுக்கும் வரும்.

வழக்கமான வைத்தியம் இரண்டு. உள்ளே கேமரா வைத்த கருவியை விட்டு, சுருங்கிய இடத்தைக் கீறி அகலமாக்குவது ஒன்று. சுலபம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கீறிய காயம் ஆறும்போது மறுபடி தழும்பாகிச் சுருங்குவது பலருக்கு நடக்கிறது. இரண்டாவது, மூன்றாவது முறை கீறும்போது பலன் குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, கன்னத்தின் உட்புறத் தோலை வெட்டியெடுத்துச் சிறுநீர்ப் பாதையில் ஒட்டுப்போடும் பெரிய அறுவை சிகிச்சை. எப்போதும் ஈரத்தில் இருந்து பழகிய தோல் என்பதால் அங்கே பொருந்தி நிற்கும். நல்ல பலன் தரும் சிகிச்சைதான். வருடக்கணக்கில் புகையிலையும் பாக்கும் அடக்கி வைத்த கன்னமாக இருந்தால் எடுக்கத் தோல் தேறாது என்பது இங்கே ஒரு தனிச் சங்கடம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி போட்டுப் பார்த்தவர்கள் ஹைதராபாத் சிறுநீரக அறுவை நிபுணர் சூர்யபிரகாஷும், சென்னை நிச்சி-இன் மறுசீரமைப்பு மருத்துவ மையத்தின் சாமுவேல் ஆபிரகாமும். கன்னத்திலிருந்து சின்னத் துணுக்கு மட்டும் எடுத்து, 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே அதிலிருந்த செல்களை வளர்த்துப் பெருக்கினார்கள். ஹைதராபாத்தில் சுருக்கத்தைக் கீறிவிட்டு, அந்தக் காயத்தின் மேல் செல்களை ஜெல்லில் கலந்து குளிர்ந்த திரவமாக வைத்தார்கள். உடல் சூட்டில் அது உறைந்து, செல்களைக் காயத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

ஜெல் இல்லாமல் செல்லை மட்டும் விட்டால் என்ன? கழுவிக்கொண்டு போய்விடும். ஈரமான, அசைந்துகொண்டே இருக்கும் பாதை அது. நாற்றை வாய்க்காலில் நட்டால் நிற்குமா? ஜப்பானில் ஹொரிகுச்சி குழுவினர் முயல்களிடம் இதைச் சோதித்தபோதும், ஜெல்லோடு வைத்த செல்களே நன்றாக ஒட்டிக்கொண்டன. இந்தக் கதையில் குணப்படுத்துவது செல். ஜெல்லின் வேலை, அது வேர்பிடிக்கும் வரை நகராமல் பார்த்துக்கொள்வது.

ஹைதராபாத் முடிவுகள் 2019-ல் சர்வதேச சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் வெளியாயின. சிகிச்சை பெற்றவர்கள் 6 பேர். ஆறாவது மாதத்தில் ஆறு பேருக்குமே சிறுநீர் நன்றாகப் போனது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது 4 பேர் அப்படியே இருந்தார்கள். மற்ற இருவருக்கும், ஒருவருக்கு 18 மாதத்திலும் இன்னொருவருக்கு 24 மாதத்திலும், சுருக்கம் திரும்பிவிட்டது. ஆறு பேர் என்பது ஒரு வேனில் அடங்கும் கூட்டம். வெறுமனே கீறிவிட்டவர்களை எதிர்ப்பக்கம் நிறுத்தி ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. நம்பிக்கை தருகிறது என்று சொல்லலாம். வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். முட்டிக்குப் போடும் 'ஜெல் ஊசி' வேறு. பழனி மலையின் 690-க்கும் அதிகமான படிகளை இனி ஏற முடியாது, விஞ்சும் ரோப் காரும்தான் கதி என்று ஆனவர்களிடம், ஊசி போட்டால் தேய்ந்த மூட்டு சரியாகிவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. அதில் இருப்பது ஹையலுரானிக் அமிலம். மூட்டுக்குள் வழவழப்புத் தரும் பொருள். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 169 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டது. அவற்றில் பெரிய, நம்பகமான ஆய்வுகளை எடுத்துக்கொண்டால், வெறும் உப்புநீர் ஊசி போன்ற போலி சிகிச்சையைவிட இது வலியைக் குறைத்தது 100-க்கு 2 புள்ளி மட்டுமே. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்த 2 ஞாபகத்தில் இருப்பது நல்லது.

செல்லும் ஜெல்லும் சேர்த்துப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி போதும்: இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும். 2009 முதல் இந்தப் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டு ஊசிக்கு லட்சம் கேட்டால், எழுந்து வந்துவிடலாம்.

சுருக்கத்தைக் கண்டுபிடிக்க இந்த ஜெல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீர் இரண்டாகப் பிரிந்து வருகிறது, முக்கினால்தான் வருகிறது, முடித்த பிறகும் சொட்டுகிறது என்றால் யூரோஃப்ளோ பரிசோதனை செய்துகொள்ளலாம். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, புனல் வைத்த கருவியில் சிறுநீர் கழிக்க வேண்டும். ஊசி கிடையாது, வலி கிடையாது. உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. குறைவாக இருந்தால் பாதையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. விழுந்து அடிபட்டது எத்தனை வருடத்துக்கு முன்னால் என்றாலும், வெட்கப்படாமல் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பலர் அதை மறந்தே போயிருப்பார்கள்.