முதலில் மருந்து ஏற்றினால் கைவிட்டதாக அர்த்தமா?

"வெட்டாம மருந்து ஏத்துறாங்கண்டா டொக்டர்மார் கைவிட்டுட்டாங்கண்டுதான்." மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஆளை அனுப்பிய வீடுகளில், கற்பிட்டியானாலும் உடப்பானாலும், இந்தப் பேச்சைக் கேட்கலாம். மூக்கு, சைனஸ் புற்றுநோயைப் பொறுத்தவரை இது தவறு.

இந்த நோய் பெரும்பாலும் பிந்தித்தான் பிடிபடுகிறது. ஒரு பக்க மூக்கு அடைக்கும், சளியில் இரத்தம் தெரியும். பீனிசம் என்று மாதக்கணக்கில் ஆவி பிடிப்போம். கன்னம் மரத்து, மேல்தாடைப் பல் ஆடி, ஒரு கண் பிதுங்கிய பிறகுதான் ஸ்கேன். அதற்குள் கட்டி கண்குழி எலும்பை அரித்திருக்கலாம். அதற்கு மேலே மூளை. கட்டியைச் சுற்றி நல்ல தசையும் கொஞ்சம் சேர்த்து வெட்டினால்தான் அறுவை முழுமை பெறும். இந்த இடத்தில் அப்படி வெட்டப்போனால் கண்ணே போகலாம். அதனால்தான் சிலருக்கு டொசிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை ஏற்றிக் கட்டியைச் சுருக்கப் பார்க்கிறார்கள். சுருங்கினால் கண்ணைக் காப்பாற்ற வழி பிறக்கும். கைவிட்ட நோயாளிக்கு யாரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. சந்தேகம் இருந்தால், "இதுக்குப் பிறகு என்ன செய்யப்போறீங்க, டொக்டர்?" என்று நேரே கேளுங்கள். அடுத்து அறுவையோ கதிர்ச் சிகிச்சையோ திட்டத்தில் இருந்தால் சண்டை இன்னும் நடக்கிறது.

"அந்த ரெண்டு மாசத்துல கட்டி வளந்துடுமே" என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. மருந்துக்கு மசியாத கட்டிகளும் இருக்கின்றன. இடையில் மறுபடி ஸ்கேன் எடுப்பது அதற்காகத்தான். மசியவில்லை என்பதும் பயனுள்ள செய்தியே. மூக்கில் வரும் மூர்க்கமான ஒரு புற்று வகையில் அமெரிக்காவின் ஹூஸ்டன் மருத்துவர்கள் 95 பேரின் விவரங்களை 2019இல் வெளியிட்டார்கள். முதல் மருந்துக்குக் கட்டி சுருங்கியவர்களில், தொடர்ந்து மருந்தும் கதிரும் பெற்றோருக்கு ஐந்தாண்டில் அந்நோயால் இறக்காமல் இருக்கும் வாய்ப்பு 81 வீதம். அறுவைக்குப் போனோருக்கு 54 வீதம். சுருங்காதவர்களிடம் கதை தலைகீழ். அவர்களுக்கு அறுவைதான் கைகொடுத்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வல்ல என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் அடுத்து எந்த வழி என்று அந்த முதல் சுற்று மருந்தே காட்டிக்கொடுக்கிறது.

"பக்கத்து வீட்டாருக்கு ஏத்தினாங்க, எனக்கு ஏன் இல்லை?" என்றும் கேட்கிறார்கள். மூக்குக் குழிக்குள் அடங்கிய சிறு கட்டிக்கு வழக்கமாக அறுவைதான் முதலில். பக்கத்து வீட்டாருக்கு வந்தது மூக்குக்குப் பின்னே தொண்டை மேற்பகுதியில் வரும் புற்றாகவும் இருக்கலாம். அது வேறு நோய். அதற்குக் கதிரே பிரதான சிகிச்சை.

எனக்கு மிகவும் பயம் தருவது நாலாவது பேச்சு: "நோவு போயிட்டு, மூக்குத் துறந்துட்டு, இனி வெட்டத் தேவையில்ல." இரண்டாம் தடவை மருந்தோடு கன்னத்து வலி விட்டுவிடும், ஆள் கடலுக்கோ தோட்டத்துக்கோ போய்விடுவார். மகரகமவுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு வேறு. கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சுருங்கிய கட்டியிலும் உயிருள்ள புற்றணுக்கள் மிஞ்சியிருக்கலாம். முதல் மருந்து மட்டும் இந்த நோயைத் தீர்த்துவிடும் என்று நம்ப இடமில்லை. பிரதான சிகிச்சையைத் தவறவிட்டவருக்கு ஏற்றிய மருந்தும் வீண்.

"மருந்துதான் ஆளைக் கொல்லும்" என்பாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடியதுதான். அதனால் ஏற்றுவதற்கு முன் இரத்தம் பார்க்கிறார்கள், சேலைன் நிறையக் கொடுக்கிறார்கள். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மகரகம தூரம் என்று யோசிக்கவும் வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அந்த இரவிலேயே புத்தளமோ சிலாபமோ, கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் "கீமோ ஏத்தின ஆள்" என்று முதலில் சொல்லுங்கள்.