கப்பல் தண்ணீரில் வந்த மட்டி: எண்ணூர், அஷ்டமுடி மீனவர்களின் பிழைப்பைக் கெடுப்பது எது?

சென்னை எண்ணூர் மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காக்கா ஆழி'. கேரளாவின் அஷ்டமுடி காயல் பக்கம் போனால் 'வரத்தன் கக்கா' என்கிறார்கள். வரத்தன் என்றால் வெளியூரிலிருந்து வந்தவன். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கருத்த ஓடு கொண்ட இந்தச் சின்ன மட்டியின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. அவ்வளவு தூரத்திலிருந்து நீந்தி வர அதனால் முடியாது. அப்படியென்றால் யார் கொண்டுவந்தது?

ஒரு மட்டியால் என்ன ஆகிவிடும்?

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பகலில் இறால் சேற்றில் புதைந்து கிடக்கும். இந்த மட்டியோ சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி கொத்துக் கொத்தாகப் படர்கிறது. இறால் புதைய இடமில்லை. கையை விட்டால் ஓடு கிழிக்கிறது. அங்கே வழக்கமாகக் கிடைத்த மஞ்சள் மட்டியும் இதன் அடியில் மூச்சுத் திணறிச் சாகிறது.

அஷ்டமுடியின் மட்டித் தொழில், 2014-ல் நீடித்த மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சான்றை இந்தியாவிலேயே முதன்முதலில் பெற்றது. அந்தக் காயலிலும் இப்போது வரத்தன் குடியேறிவிட்டது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் என்பதுதான் இதன் பலம்.

கப்பலுக்கு எதற்குத் தண்ணீர்?

சரக்கு இல்லாத கப்பல் மிதப்பு அதிகமாகி ஆட்டம் காணும். அதைச் சமன் செய்ய, சரக்கை இறக்கும் துறைமுகத்திலேயே கடல்நீரை அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறார்கள். இதுதான் 'பேலஸ்ட் நீர்'. அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விடுவார்கள். தண்ணீரோடு முட்டை, லார்வா, பாசி, நுண்ணுயிர் எல்லாமே டிக்கெட் இல்லாத பயணிகளாக வந்து இறங்கும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் உயிரினங்கள் வரும். இந்த மட்டி விஷயத்தில் விஞ்ஞானிகள் இரண்டு வழிகளையுமே சந்தேகிக்கிறார்கள்.

தடுக்க விதி இல்லையா?

இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பேலஸ்ட் நீர் ஒப்பந்தம் 2004-ல் உருவாகி, 2017 செப்டம்பர் 8-ல் அமலுக்கு வந்தது. முதலில் சொன்ன வழி எளிமையானது: கரையிலிருந்து குறைந்தது 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் தொட்டி நீரை மாற்ற வேண்டும். கரையோர உயிர்கள் ஆழ்கடலில் பிழைக்காது என்பது கணக்கு.

அடுத்தது இன்னும் கறாரானது. கப்பலிலேயே கருவி வைத்து நீரை வடிகட்டி, புற ஊதாக் கதிர் அல்லது குளோரின் போன்ற ரசாயனத்தால் சுத்திகரிக்க வேண்டும். 50 மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டர் நீரில் 10-க்கும் குறைவாகவே இருக்கலாம். இதை எட்ட, ஒப்பந்தத்துக்குள் வரும் கப்பல்களுக்குக் கொடுத்த அவகாசம் 2024 செப்டம்பர் 8-ல் முடிந்தது.

இந்தியா என்ன செய்தது?

இந்த ஒப்பந்தத்தில் சேர மத்திய அமைச்சரவை 2015-லேயே ஒப்புதல் கொடுத்தது. ஆனால் 2017-ல் அது அமலுக்கு வந்தபோது இந்தியா உறுப்பினராக இல்லை. 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025-ல்தான்.

'வெளிநாட்டுக் கப்பல்களில் கருவி இருக்குமே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். கருவி இருப்பது வேறு, அது ஓடுவது வேறு. பதிவேட்டைப் பார்ப்பது, தொட்டி நீரில் மாதிரி எடுப்பது, தேவைப்பட்டால் நீரை வெளியேற்றவே கூடாது என்று நிறுத்துவது: இதெல்லாம் கப்பல் வந்து நிற்கும் துறைமுகத்தின் வேலை. அந்தப் பிடி இறுக சட்டமும் வேண்டும், ஆளும் ஆய்வகமும் வேண்டும்.

வந்தபிறகு அகற்ற முடியாதா?

1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இதே போன்ற இன்னொரு அந்நிய மட்டி, கருங்கோட்டு மட்டி, தென்பட்டது. உடனே மூன்று படகுத்துறைகளை மூடி, குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டினார்கள். மட்டி ஒழிந்தது, கூடவே உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. அங்கே மதகுக் கதவுகள் இருந்ததாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததாலும்தான் அது முடிந்தது. அதே கருங்கோட்டு மட்டி விசாகப்பட்டினத்தில் 1967-லேயே பதிவானது. மும்பைக்கும் பரவியது. இன்றுவரை போகவில்லை.

கொசஸ்தலை ஆற்றுக்கோ அஷ்டமுடிக்கோ மூட கதவு கிடையாது. விஷம் கொட்டினால் இறாலும்தான் சாகும். மிஞ்சுவது வாரி எடுப்பது மட்டும். கொஞ்சம் விட்டாலும் மறுபடி பெருகும். எண்ணூருக்கு வடக்கே இருப்பதோ பழவேற்காடு ஏரி.

ஆக, இந்த மட்டியைத் தடுக்கச் சரியான இடம் ஆறு இல்லை, கப்பலின் தொட்டி. அங்கே ஆகும் செலவு கப்பல் கம்பெனியுடையது. அங்கே விட்டுவிட்டால், அந்தச் செலவைத் தினமும் கட்டுவது சேற்றில் கைவிடும் மீனவர்.