“மயக்கம்” என்னும் சொல்லும் நோயாளர் பாதுகாப்பும்: பாறசாலை எல்லையிலிருந்து ஒரு பார்வை

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு அருகிலுள்ள பாறசாலையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. இப்பிரிவினையின் அரசியல் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அது மருத்துவமனைக் கட்டிலருகே என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதைச் செவிலிய ஆய்வுதான் கேட்க வேண்டும்.

“மயக்கம்” என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது தலைசுற்றலையும் நினைவிழத்தலையும் குறிக்கும். மலையாளத்திலோ பெரும்பாலும் உறக்கக் கலக்கத்தையே குறிக்கிறது. தலைசுற்றலுக்கு அங்கே ‘தலகறக்கம்’ என்ற தனிச்சொல் உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் முதியவர் ஒருவர், எழுந்து நின்றால் மயக்கம் வருவதாகத் தமிழில் சொல்கிறார் என்று கொள்வோம். கேட்கும் செவிலியர் அதைத் தூக்கக் கலக்கம் எனப் பதிவுசெய்தால், எழும்போது இரத்த அழுத்தம் குறைகிறதா என்ற சோதனை தவறிப்போகலாம். அடுத்து நிகழ்வது கழிப்பறை வாசலில் ஒரு வீழ்ச்சியாக இருக்கலாம். இடுப்பெலும்பு முறிந்தால் பல வார நடைப்பயிற்சி ஒரே நாளில் வீணாகும்.

மொழித்தடை நோயாளர் பாதுகாப்பைப் பாதிக்கிறது என்பது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளிவந்த ஆய்வு, பதிவான பாதக நிகழ்வுகளை ஒப்பிட்டது. ஆங்கிலம் பேசுவோரிடம் அவற்றில் 29.5 விழுக்காடு உடல் தீங்கை விளைவித்தன. ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோரிடம் அது 49.1 விழுக்காடாக இருந்தது. ஆனால் அங்கே மொழி இடைவெளி வெளிப்படையானது. புரியவில்லை என்று இரு தரப்பும் அறிவதால் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வழியுண்டு. பாறசாலையில் நிலைமை வேறு. இரு மொழிகளும் உடன்பிறந்தவை. செவிலியர் பேசுவது நோயாளிக்கும், நோயாளி பேசுவது செவிலியருக்கும் ஏறத்தாழப் புரிகிறது. இந்த ‘ஏறத்தாழ’ என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புரிந்ததாக இருவரும் நம்பும்போது மறுகேள்வி எழுவதில்லை.

எல்லைப்புற மக்கள் இருமொழியாளர்கள், இதை ஒரு சிக்கலாகக் கருதத் தேவையில்லை என்ற மறுப்பு எழலாம். சந்தையிலும் பேருந்திலும் அது உண்மையே. ஆனால் பேசத் தெரிந்தவர் அனைவருக்கும் படிக்கத் தெரியும் எனக் கொள்வதற்கில்லை. தமிழ்ப் பள்ளியில் பயின்ற தலைமுறைக்கு மலையாள எழுத்தில் அமைந்த அறிவுரைத் தாளும், ஆங்கிலத்தில் அமைந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே அளவு அந்நியமானவை. கேரள அலுவல்மொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. ஆனால் மருத்துவமனைத் தாள் கடிதத் தொடர்பு அன்று. உரிமை அந்த வாசலில் நின்றுவிடுகிறது.

வீடு திரும்பிய பின்னரே மறுவாழ்வுப் பராமரிப்பின் பெரும்பகுதி தொடங்குகிறது. திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டின் முடிவுகள் 2009இல் வெளியாயின. 28 நாள்களுக்குள் இறந்தோர் நகர்ப்புறத்தில் 24.5 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 37.1 விழுக்காடு என அவை காட்டின. உயிர் பிழைத்தோரின் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்துப் பெண்களிடம் வந்துசேர்கிறது. குடும்பத்தினருக்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பராமரிப்பை நடத்தும் முறையை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் இறப்பும் பிறரைச் சார்ந்த நிலையும் சேர்ந்து இரு குழுக்களிலும் 47 விழுக்காடாகவே இருந்தன. குடும்பத்தின் அன்பு குறைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பொறுப்பைக் கையளிப்பது வேறு, தொடர்ந்து துணைநிற்பது வேறு என்பதையே அம்முடிவு சிந்திக்கச் செய்கிறது.

இங்கே ஆய்வுலகம் தன்னையும் கேள்விக்குட்படுத்த வேண்டும். கேரளத்துச் செவிலிய ஆய்வேடுகளில் ‘மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தோர்’ என்ற சேர்க்கை நிபந்தனை வழக்கமாகக் காணப்படுவது. வினாநிரலை நிரப்ப அது வசதியானது. ஆனால் அந்த ஒரு வரி, தவறான புரிதலால் தீங்குற அதிக வாய்ப்புள்ளவரை மாதிரியிலிருந்தே நீக்கிவிடுகிறது. பிறகு ‘மொழியால் சிக்கல் எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதுவது எளிது.

செய்யக்கூடியவை எளியவை. சேர்க்கையின்போதே நோயாளியும் பராமரிப்பவரும் எந்த மொழியைப் படிப்பார்கள் என்று பதிவுசெய்யலாம். மருந்து நேரம், வீழ்ச்சித் தடுப்பு, உடனே திரும்பிவர வேண்டிய அறிகுறிகள் ஆகியவற்றைத் தமிழும் மலையாளமும் அருகருகே அமைந்த ஒரே தாளில் அச்சிடலாம். ‘புரிந்ததா?’ எனக் கேட்பதை விடுத்து, பராமரிப்பவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்யலாம். 2008ஆம் ஆண்டின் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையைத் தொடர்ந்து, கேரளத்து ஊராட்சிகளில் வீடுதேடிச் செல்லும் சமுதாயச் செவிலியர்கள் உள்ளனர்; வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒரு சந்திப்பை அவர்களோடு இணைக்கலாம்.

இவற்றைச் செவிலியரின் தோளில் கூடுதல் சுமையாக ஏற்றுவதும் நியாயமன்று. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதை லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 2002இலேயே காட்டினர். நின்று கேட்க நேரமில்லாத செவிலியரிடம் திருப்பிச் சொல்லச் செய்யும் முறையை எதிர்பார்க்க முடியாது. பணியிடங்களை நிரப்புவதும் மொழிப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுநிலை மாணவர்களுக்குப் பாறசாலை ஓர் ஆய்வுக்களம். ‘மயக்கம்’, ‘தளர்ச்சி’ போன்ற சொற்களை நோயாளி எப்பொருளில் சொன்னார், செவிலியர் எப்பொருளில் எழுதினார் என்று ஒப்பிடும் ஒரு சிறு ஆய்வு போதும், தொடங்குவதற்கு. அதற்கு முதலில் சேர்க்கை நிபந்தனையிலுள்ள அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும்.