பிஞ்சு நெஞ்சின் காயமும் முதுமையின் மறதியும்

அறிந்திருந்த யாவற்றையும் இழந்து, ஒன்றும் அறியாதவராகிவிடும் தள்ளாத முதுமையைப் பற்றித் திருமறை குர்ஆன் (16:70) கூறுகிறது. அந்நிலையிலிருந்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். மருத்துவர்கள் 'டிமென்ஷியா' எனக் கூறும் மறதி நோய் அதனையே நமக்கு நினைவூட்டுகிறது.

இந்நோயின் வேர் குழந்தைப் பருவத்திலும் இருக்கக்கூடுமோ என ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர். ஜப்பானில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 17,000-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. பெற்றோரின் மரணம், மணமுறிவு, வீட்டு வன்முறை, அடி, ஏச்சு, புறக்கணிப்பு முதலிய துயரங்களுள் மூன்றையோ அதற்கு மேலோ சிறு பிராயத்தில் அனுபவித்தோரிடம், எதனையும் அனுபவியாதோரைவிட இந்நோய் மிகுதியாகத் தோன்றியது. இடைவிடாத அச்சத்தால் மிகும் 'கார்ட்டிசால்' சுரப்பு, நினைவுக்குரிய மூளைப் பகுதியை நலிவிக்கக்கூடும். மனச்சோர்வு, புகைப்பழக்கம், தடைப்பட்ட கல்வி ஆகிய பின்விளைவுகளும் இந்நோய்க்கு வழிகோலுவனவே. எனினும் இஃது ஒரு தொடர்பேயன்றி முடிந்த தீர்ப்பன்று. துயருற்ற குழந்தைகள் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவதில்லை.

நிற்க. அடியாத மாடு படியாது என்னும் பழமொழியை மார்க்கச் சட்டமாகவே கருதுவோர் நம் இல்லங்களிலும் உளர். ஓதும் பள்ளிகளிலும் உளர். பத்து வயதில் தொழுகைக்காக அடிக்கச் சொன்ன நபிமொழியை அவர்கள் ஆதாரம் காட்டுவர். ஏழு வயது முதல் சொல்லிப் பழக்க வேண்டும் என்பதையும், காயப்படுத்தலாகாது, முகத்தில் அடிக்கலாகாது என ஃபிக்ஹு மேதைகள் வரம்பு வகுத்திருப்பதையும் ஏனோ மறந்துவிடுகின்றனர். பாடம் ஒப்பிக்கத் தவறிய பாலகன்மீது பிரம்பை ஓங்க அந்நபிமொழியில் இடமேது?

சிறுவராக வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கிப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் 'உஃப்' என்று சொன்னதில்லை. முதுமையுற்ற பெற்றோரை நோக்கிச் சொல்லலாகாது எனக் குர்ஆன் (17:23) தடுத்திருப்பதும் அதே சொல்லைத்தான். அடுத்த வசனமோ, சிறு வயதில் பெற்றோர் நம்மை வளர்த்ததை நினைவுகூர்ந்து அவர்களுக்காக இறையருளை வேண்டக் கற்றுத் தருகிறது. மழலைக்குக் காட்டும் பரிவும் முதுமைக்குக் காட்டும் பரிவும் வேறு வேறல்ல.

தந்தையைப் பிறக்குமுன்னரும், தாயை ஆறு வயதிலும், பாட்டனாரை எட்டு வயதிலும் இழந்த பெருமானாரை அபூதாலிப் அரவணைத்துக் காத்தார். துயரைத் தடுக்க இயலாத இடத்தும் அரவணைப்பைத் தர நம்மால் இயலும்.

ஆகவே, பெற்றோர்களே! உஸ்தாதுமார்களே! பிரம்பைக் கீழே வையுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் முதியவரிடம் சினம் கொள்ளாது விடை கூறுங்கள். இளமையில் அவர் சுமந்த துயர் யாதென நாம் அறியோம். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைத் தன் ரஹ்மத்தால் நிரப்புவானாக! ஆமீன்.