சாவி உங்கள் பையில் இருக்கட்டும்

நம் வயதுக்காரர்கள் பலர் இன்று ஏதாவது ஒரு டிரஸ்டில் அறங்காவலர், அல்லது மகனுடைய கம்பெனியில் டைரக்டர். "உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எங்கே சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது" என்பார்கள். பின் நம்பர்? அதையும் டோக்கன் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும்!

இதை வசதி என்கிறார்கள். நான் பைத்தியக்காரத்தனம் என்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். வேறு யாராவது போட்டிருந்தால் ஒரு சுழி, ஒரு வளைவு காட்டிக் கொடுத்துவிடும். டிஜிட்டல் கையெழுத்தில் அந்தச் சுழியே கிடையாது. நீங்கள் போட்டாலும், ஆடிட்டர் ஆபீஸ் பையன் போட்டாலும், அது அசல்தான்.

டோக்கனுக்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. மின்னஞ்சல் எழுதிக் கையெழுத்திடச் சொன்னால், கணினி அந்தக் கடிதத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடும். ரகசியச் சாவி அதன்மேல் முத்திரை வைக்கும். பெறுபவர், உங்கள் சான்றிதழில் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்ப்பார். வழியில் ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். கடிதத்தின் அடியில் ஸ்கேன் செய்து ஒட்டுகிறோமே, அது வெறும் படம். இதுதான் கையெழுத்து.

அந்தச் சாவியைப் பிரதி எடுக்க முடியாதபடிதான் டோக்கனைச் செய்திருக்கிறார்கள். நாமோ டோக்கனையே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். ரிட்டர்ன் தாக்கலுக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். ராஜினாமாக் கடிதத்திலும் கடன் பத்திரத்திலும் அதே சாவியால் கையெழுத்திடலாம்.

"ஆடிட்டர் இருபது வருடப் பழக்கம், தங்கமான மனுஷர்" என்பீர்கள். இருக்கட்டும். அவர் ஆபீஸுக்கு வந்து போகிற எல்லோரும் தங்கமா? நாளை தகராறு வந்தால் பதில் சொல்லப் போவது யார்? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆவது பிரிவைப் பாருங்கள். ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது சான்றிதழ்தாரரின் கடமை. அது பிறர் கைக்குப் போய்விட்டால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையதுதான். "நான் போடவில்லை" என்று அப்புறம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

"ஒவ்வொரு தடவையும் யார் அலைவது?" என்றும் கேட்பார்கள். ஆடிட்டர் எல்லாவற்றையும் தயார் செய்யட்டும். நீங்கள் படித்துப் பார்த்து, டோக்கனைச் செருகி, பின் நம்பரை அடியுங்கள். ஐந்து நிமிஷ வேலை. கணினி பழக்கமில்லையா, பேரனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் நம்பரை நீங்களே அடியுங்கள்.

நாளைக்கே போய் டோக்கனை வாங்கி வாருங்கள். அன்றைக்கே பின் நம்பரை மாற்றுங்கள். டோக்கன் காணவில்லை என்றால் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நல்ல ஆடிட்டர் சுளிக்க மாட்டார். அவர் தலையிலிருந்தும் ஒரு பாரம் இறங்குகிறது.